கேட்காமல் விட்ட இரண்டாவது டப்பா

ஜவ்வாது மலைமேல் என் சொந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. அங்கே நான் எச்சி சாரு. முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். "எச்சி சாரு வந்துக்கீறாரு, நாய புடி" என்று ஒரு குரல் கேட்கும். நாயைப் பிடிப்பார்கள். கூடவே பிள்ளைகளையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு படலைச் சாத்துவார்கள்.

என் பிழைப்பு அப்படி. எழுபதுகளின் கடைசியில், மலைமேல் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் சளி பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, ஊரை எதற்கு இழுக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கீழே சந்தவாசல் பக்கம் எங்கள் வீடு. அம்மா போன பிறகு அது அண்ணன் வீடாகிவிட்டது. பொங்கலுக்கு ஒரு கடிதம், கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் என்று அண்ணன் கணக்காக எழுதுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாத வாரம் அதற்கு முன் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. மலைக்கு வந்த பிறகு ஞாயிறும் புதனும் ஒன்றாகிவிட்டன.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற பெரியவர்கள் யார் யார் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். கேட்டு, ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுக்க வேண்டும். அவர்கள் மறுநாள் காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளியை அதில் துப்பித் தர வேண்டும். நான் அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். காசநோய்க் கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்பாகச் சின்னச் சின்னக் குச்சி தெரியும். அங்கே கரண்ட் கிடையாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்த கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பி வைத்தால்தான் எதுவும் தெரியும். பனி மூடிய நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சும்மா இருந்த நாட்கள்தான் என்னைக் கொன்றன. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் ஜீப்பில் வந்து போவார். நர்சம்மா குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தார், வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மிச்ச நேரம் நானும் சுவரும்தான். மலைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லார் எச்சிலையும் தொடுகிற கையிலிருந்து யார் எதை வாங்குவார்கள்? நான் தொட்ட டம்ளரில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெற்றிலையை நீட்டினால், "வோணாம் சாரு, இப்பத்தான் போட்டேன்" என்பார்கள். வாய் வெள்ளையாக இருக்கும்.

நோய் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது என்கிற சங்கதியை அவர்களுக்குப் புரிய வைக்க என் தொண்டை வறண்டது. "நோவு வந்து படுத்தவன பாரு சாரு. எழுந்து நடக்கிறவன எதுக்குப் பாக்குற? நீ பாக்கப்போய் வந்துடப்போவுது" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். சில நாள் அடக்கிக்கொள்வேன். சில நாள் கத்திவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு நடப்பேன்.

ஒருமுறை புதூர்நாட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு இருமல் என்று ஐந்து டப்பா கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்து, ஐந்து டப்பாவையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன. சந்தேகம் வந்து விசாரித்தேன்.

"எல்லாத்துலயும் நாந்தான் துப்பினேன்" என்றார், பெருமையாக.

"ஐயோ, அஞ்சு பேரும் தனித்தனியா குடுக்கணும்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"வூட்டுக்குப் பெரியவன் நானு. பஞ்சாயத்துக்கு நான் போனா வூடே போன மாதிரி. கோயிலுக்கு நான் நேந்துகினா வூட்டுக்கே நேந்துகின மாதிரி. இதுக்கு மட்டும் இன்னா தனித்தனி?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் மேல் தப்பே இல்லை. வீட்டுக்காக ஒருவர் நின்றால் போதும் என்பது அங்கே சட்டம் மாதிரி. அதுவுமில்லாமல் எச்சிலும் தலைமயிரும் அடுத்தவன் கைக்குப் போகக்கூடாது, செய்வினை வைத்துவிடுவான் என்ற பயமும் உண்டு. குடும்பத்துக்கு வரும் ஆபத்தை ஒரே ஆளாகத் தன் தலையில் வாங்கிக்கொள்ள வந்தவரை நான் கத்தி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே மாதிரி டப்பாக்கள் வந்தால் கண்டுபிடித்துவிடுவேன். யாராவது ஆள் மாற்றித் துப்பியிருந்தால் திருப்பி அனுப்பி மறுபடி வாங்குவேன். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு எண்ணம் இருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். சுகாதார நிலையத்தைப் பெருக்கித் துடைக்க, தண்ணீர் கொண்டுவர, என் டப்பாக்களைச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதைக்க என்று தினக்கூலிக்கு வந்த பெண். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பதினெட்டு வயதில் ஒரே மகள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னைச் சாரு என்பாள், ஆனால் வா போ என்றுதான் பேசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் வந்த முதல் மாதம் கீழே ஊர்களில் காலரா என்று செய்தி வந்தது. மலையில் பெரியவர்கள் எல்லாருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று உத்தரவு. நர்சம்மா ஊசியோடு நின்றார், ஒருவரும் கையை நீட்டவில்லை. பிள்ளைக்கு ஊசி போடுவது தெரியும், நல்லா இருக்கிற பெரிய மனுஷனுக்கு என்னத்துக்கு என்று நின்றார்கள். நான் வீராப்பாகச் சட்டையைக் கழற்றிவிட்டு எல்லார் முன்னாலும் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது என்றேன். மத்தியானத்துக்குள் கை வீங்கி, காய்ச்சல் அடித்து, என் அறையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. எச்சி சாரு ஊசி போட்டுச் சாகக் கிடக்கிறான் என்று சேதி பரவிவிட்டது.

வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர். உள்ளே வந்தவள் அக்கா ஒருத்திதான். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து வைத்து, "எழுந்து குடி" என்றாள். குடித்தேன். மிச்சமிருந்ததை என் எதிரிலேயே, அதே சொம்பிலிருந்து அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். மலைக்கு வந்து ஒன்பது மாதத்தில் எனக்குப் பிறகு ஒரு பாத்திரத்தைத் தொட்ட முதல் ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ச்சல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நான் எழுந்து நடமாடியதைப் பார்த்து, "நீ சாவலியே சாரு. எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு" என்று கையை நீட்டினாள். அவளுக்குப் பிறகு மகள், மகளுக்குப் பிறகு அந்தத் தெரு. மலையில் அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு அவள் கையால்தான். காலையில் வேலைக்கு வரும்போது களியோ சாமைச் சோறோ, அவரைக் குழம்போ கீரையோ கொண்டுவருவாள். மத்தியானம் நான் சாப்பிடும்போது வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையும் புகையிலையும் மென்றுகொண்டே பேசுவாள். யார் வீட்டுப் பலா காய்த்தது, யார் புளியமரத்துக்குச் சண்டை, மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் எல்லாம் வரும். "காவலூர்ல கண்ணாடி வெச்சி நட்சத்திரத்தப் பாக்குறாங்களாம். நீ கண்ணாடி வெச்சி எங்க எச்சியப் பாக்குற. ஒன் தலையெழுத்தப் பாரு" என்று ஒருநாள் கிண்டல் செய்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மலையில் நான் சிரித்தது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் அதற்காகக் காத்திருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவள் இருமினாள். அடுப்புப் புகை என்றாள், புகையிலைக் காரம் என்றாள். நானும் சரி என்றேன். மலையெல்லாம் ஏறி இறங்கி, யாருக்கு இருமல் என்று கேட்டுத் திரிந்தவன், என் வாசற்படியில் கேட்ட இருமலுக்கு மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் விடவில்லை. நம்முடைய நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை சளி கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டர், நர்சம்மா, நான், எல்லாரும் கொடுத்தோம். கிருமி இருந்தால் குணமாகிற வரை வேலைக்கு வரக்கூடாது என்றும் சொன்னார். அக்கா ஒரு வாரம் இழுத்தாள். "நாளைக்கித் தர்றேன்", "மறந்துட்டேன் சாரு", "டப்பா ஒடஞ்சிபோச்சி." எட்டாம் நாள் காலையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மூடியைத் திறந்தேன். வெள்ளையாக நுரை. வெற்றிலை போடுகிற வாயிலிருந்து, எத்தனைதான் கொப்பளித்தாலும், அப்படி வராது. அது சளியே இல்லை, வெறும் உமிழ்நீர். அதுவும் வெற்றிலை போடாத, இருமாத ஒருவர் உமிழ்ந்தது. யாருடையது என்றுகூட எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

வெயில் நன்றாக இருந்தது. ஸ்லைடைப் பார்த்தேன், கன்னத்துத் தோலின் செல்கள் மட்டும் இருந்தன. முறைப்படி நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அக்கா, இது ஒன்னுது இல்ல, நாளைக்கு இன்னொரு டப்பா குடு என்று சொல்ல வேண்டும். ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். கத்தியே சொல்லியிருப்பேன்.

சொல்லவில்லை. கிருமி இருந்தால் அவளை வேலையை விட்டு நிறுத்துவார்கள். வாசற்படி காலியாகிவிடும். களி போய்விடும், பேச்சு போய்விடும், பலா மரமும் புளிய மரமும் போய்விடும். மறுபடி நானும் சுவரும். அந்த நினைப்பே எனக்குக் கிலியாக இருந்தது. வாய் நன்றாகக் கொப்பளித்திருப்பாள் என்று எனக்கு நானே ஒரு சால்ஜாப்பு சொல்லிக்கொண்டேன். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே கிருமி இல்லை என்று எழுதி, டாக்டருக்குக் காட்டினேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன் அவளிடம்.

"இல்லியா?" என்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லதுதான் போ" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு உருண்டை களியை வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது. அவள் மெலிந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். ஒருநாள் டாக்டர் இருக்கும்போதே முற்றத்தில் இருமி, ரத்தமாகத் துப்பினாள். டாக்டர் பக்கத்திலேயே நின்று, அப்போதே டப்பாவில் சளி வாங்கி என்னிடம் கொடுத்தார். ஸ்லைடில் எண்ணவே வேண்டியிருக்கவில்லை, எங்கே பார்த்தாலும் சிவப்பு. ஐந்து மாதத்துக்கு முன் இல்லை என்று எழுதினாயே என்று டாக்டர் கேட்டார். அப்போது இல்லை சார் என்றேன். பொய் சொல்கிறவனுக்கு எவ்வளவு சுலபமாக நாக்கு புரள்கிறது பாருங்கள்.

வேலையை நிறுத்தினார்கள். தினமும் ஊசி, பிறகு ஒன்றரை வருஷம் மாத்திரை. நான் மாத்திரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "அங்கியே நில்லு சாரு. உள்ள வராத" என்று உள்ளேயிருந்து சொன்னாள். மகள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது, தை மாதம் கல்யாணம் என்றார்கள். திரும்பி நடக்கும்போது பின்னால் இருமல் சத்தம் கேட்டது. அது அக்காவின் இருமல் இல்லை.

நின்றேன். திரும்பிப் போய் மகள் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, "எவ்ளோ நாளா?" என்றேன். "ஒரு மாசம் கீது சாரு. அம்மாவுக்குச் சொல்லாத" என்றாள்.

மறுநாள் அவளே கொண்டுவந்தாள், கூட அக்காவும் வந்து முற்றத்து மரத்தடியில் தள்ளி உட்கார்ந்தாள். அந்த நாள் பனியாக இருந்திருக்கக் கூடாதா, வெயில் பளீரென்று அடித்தது. முதல் பார்வையிலேயே சிவப்புக் குச்சி தெரிந்தது. இரண்டாவது இடம், மூன்றாவது இடம் என்று ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அவளுடைய சுத்தமான எச்சிலை நான் முன்பு பார்த்திருக்கிறேன். அம்மாவின் பெயரில். அன்றைக்கே மருந்து ஆரம்பித்திருந்தால் இந்த ஐந்து மாதமும் அந்தச் சின்ன வீட்டுக்குள் அம்மாவின் இருமலை இவள் குடித்திருக்க மாட்டாள். வெளியே வந்தேன்.

"இன்னா?" என்றாள் அக்கா.

"கீதுக்கா."

அவள் எழுந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி அறைக்குக் கூட்டிப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வாக்கைத் திருப்பிக்கொண்டார்கள். தாயும் மகளும் தினம் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். அக்கா தேறினாள். மகளும் பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு பக்க நெஞ்சு பழையபடி ஆகவில்லை, ஏற்றத்தில் நான்கு அடிக்கு ஒருமுறை நின்றுதான் நடந்தாள். கல்யாணப் பேச்சு அதன் பிறகு வரவில்லை. இவ்வளவுக்கும் அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வேலைக்கு வேறு ஆள் வந்தான், பெருக்கிவிட்டுப் போவான். நானே அடுப்பு மூட்டிச் சோறு வடித்துத் தனியாகச் சாப்பிட்டேன். எதை இழந்துவிடக் கூடாது என்று அன்றைக்குப் பொய் எழுதினேனோ, அது இப்படித்தான் போயிற்று.

எனக்கு மாற்றல் வந்தது. புறப்படும் நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கி நீ குடுத்தது ஒன்னுது இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். நீ வராம போய்டுவியோன்னு பயம். என்னத் திட்டு. ரெண்டு அறை அறை. பேசாம மட்டும் இருக்காத."

அவள் கை நிற்கவில்லை. சாமையைப் பரப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் பேசினாள்.

"தெரிஞ்சிதான் எழுதினன்னு எனக்கும் தெரியும் சாரு. அஞ்சு டப்பாவ மோந்து பாத்தே ஆளக் கண்டுபுடிக்கிறவன் நீ. எனக்கும் பயந்தான். நோவு இருக்குதுன்னு தெரிஞ்சா எங்கையால நீ துன்ன மாட்டியேன்னு. அதுக்குத்தான் பொண்ணத் துப்பச் சொன்னேன். குடுத்துட்டு அன்னிக்கெல்லாம் மனசே சரியில்ல. நீ திருப்பிக் கேப்ப, கேட்டா நெசமானத குடுத்துடலாம்னு நான் துப்பின இன்னொரு டப்பாவ இடுப்புலியே சொருவிக்கினு பெருக்கினேன்."

மகள் உள்ளே இருமினாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தபா கேட்டிருக்கலாம் சாரு."

பஸ் வரும் சத்தம் கேட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தேன். அவள் மறுபடி குனிந்து சாமையைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.